எத்தனையாவது மீற்றரில்? எண்ணெய்க் கிணற்றுக்குள் இறங்கும் ஒளியிழை

மாரி காலத்தில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதியோரம் புதைத்த ஃபைபர் கேபிள் எங்கேயோ அறுந்துவிட்டது. கல்முனைப் பக்கத்து முனையில், அறுந்த இடம் எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும் ஓ.ரி.டி.ஆர் கருவியைக் கொளுவிப் பார்த்தேன். திரையில் இடமிருந்து வலமாக மெல்லச் சரிந்துகொண்டு வந்த கோடு 7.2 கிலோமீற்றரில் நேரே கீழே விழுந்தது. மோட்டார் சைக்கிள் மீற்றரைப் பார்த்துக்கொண்டே கோட்டைக்கல்லாறு வரைக்கும் போய் டோர்ச் அடித்துத் தேடினோம். அங்கே கேபிள் நல்லபடியாகத்தான் கிடந்தது. அறுந்த இடம் 300 மீற்றர் பின்னால். தண்ணீர்க் குழாய்க்குக் குழி தோண்டிய பெக்கோ ஒன்று கேபிளை வாளிப் பல்லில் மாட்டி இழுத்திருந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. கேபிள் போடும்போது ஒவ்வொரு மேன்ஹோலிலும் பதினைந்து மீற்றரளவில் சுருட்டி வைத்துவிட்டுத்தான் போவோம், பிறகொரு நாள் வெட்டி ஒட்டவேண்டி வந்தால் கைக்கு எட்ட வேண்டுமே என்று. இருபது மேன்ஹோல் தாண்டினால் 300 மீற்றர் கணக்கில் ஏறிவிடும். கருவி சொன்னது கண்ணாடியின் நீளம், நான் தேடியது வீதியின் நீளம்.

மழைத் தாளுக்குக் கீழே குந்தியிருந்து ஒட்டினோம். மேலுறையை உரித்து, அற்ககோல் தோய்த்த துணியால் துடைத்து, முனையைச் சரிவில்லாமல் வெட்டி, இரண்டு முனைகளையும் ஸ்பிளைசர் என்ற ஒட்டும் கருவிக்குள் எதிரெதிரே வைத்தால் திரையில் அவை இரண்டு தூண்களைப் போலத் தெரியும். உண்மையில் ஓர் இழையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் எட்டிலொன்று. ஒளி ஓடும் நடுத்தண்டு அதிலும் மெல்லியது, ஒன்பது மைக்ரோமீற்றர்தான். ஒரு மின்பொறி அடிக்கும், கண்ணாடி உருகி ஒன்றாகிவிடும். விடியப்புறம் இரண்டு மணிக்குக் கோடு மறுபடியும் மட்டக்களப்பு வரைக்கும் நீண்டது.

இந்தக் கதையை வட்சப்பில் ஓமானிலிருக்கும் என் மாமி மகனிடம் சொன்னேன். அவனுக்குப் பாலைவனத்தில், எண்ணெய்க் கிணறுகளில் வேலை. சிரித்துவிட்டு, “மச்சான், நீ றோட்டால இழுத்துப் புதைக்கிறாய். நாங்க அதையே கிணத்துக்குள்ள நட்டமா இறக்கிறம். நீளம் பிழைக்கிற நோவு எங்களுக்கும் இரிக்கு” என்றான். மறுகா இரண்டு மூன்று மாதம் எங்கள் பேச்சு முழுக்க அதுதான். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவில் உழைக்கும் ஒருவர் இல்லாத ஒழுங்கை இராது. அந்தக் காசு இங்கே வீடாகவும் கடையாகவும் நிற்கிறது. அந்த எண்ணெய் வயலில் என்ன நடக்கிறது என்பது மட்டும் எங்கள் வாயில் வருவதேயில்லை.

முதலில் நான் அறிந்த பக்கத்திலிருந்தே வருகிறேன். ஒளியிழை எவ்வளவு தூய கண்ணாடியானாலும் உருகிய நிலையிலிருந்து உறையும்போது அதில் நுண்ணிய அடர்த்தி வேறுபாடுகள் அப்படியே நின்றுவிடுகின்றன. உள்ளே விட்ட ஒளித்துடிப்பு அவற்றில் பட்டுக் கொஞ்சம் சிதறும், சிதறியதில் ஒரு சிறு பங்கு வந்த வழியே திரும்பும். ரேலி சிதறல் என்று அதற்குப் பெயர். வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமும் இதே சிதறல்தான். கண்ணாடிக்குள் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீற்றர் ஓடுகிறது. அப்படியென்றால் ஒரு மீற்றர் போய்த் திரும்பிவர 10 நானோசெக்கன். எத்தனை நானோசெக்கன் கழித்து வந்தது என்று எண்ணினால் எத்தனையாவது மீற்றரிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். 3,000 மீற்றர் ஆழக் கிணற்றின் அடிவரை போய்வர 30 மைக்ரோசெக்கன் போதும். ஓ.ரி.டி.ஆர் செய்வது இவ்வளவுதான்.

கண்ணாடி இழையில் தகவலை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று சார்ள்ஸ் காவோ கணக்குப் போட்டுக் காட்டியது 1966இல். அதற்கான நோபல் பரிசு அவருக்கு 2009இல்தான் வந்தது. தொலைத்தொடர்புக்காரர் அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றையே வேண்டிக்கொண்டிருக்கிறோம்: சூட்டுக்கும் அதிர்வுக்கும் இழுவைக்கும் இழை அசையாமல் இருக்க வேண்டும். அசைகிறது. எங்களுக்குத் தொல்லையான அந்த அசைவையே 1980களில் சிலர் அளவீடாகப் பார்க்கத் தொடங்கினார்கள். கருவியை இழையின் முனையில் பொருத்தத் தேவையில்லை, இழை முழுவதுமே கருவி என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது.

வெப்பநிலையை அளப்பதற்கு உதவியது திருச்சியில் பிறந்த ஒருவரின் கண்டுபிடிப்பு. சந்திரசேகர வெங்கட ராமன் 1928 பெப்ரவரி 28இல் அறிவித்து, 1930இல் நோபல் பரிசு வாங்கிய அதே விளைவு. ஒளி ஒரு மூலக்கூறில் படும்போது பெரும்பாலும் நிறம் மாறாமல் திரும்புகிறது. மிகச் சிறிதளவு மாறித் திரும்புகிறது. மூலக்கூறுக்குச் சக்தியைக் கொடுத்துவிட்டு வந்தால் சற்றுச் சிவப்புப் பக்கம் சாயும், ஏற்கனவே துடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறிடமிருந்து சக்தியை வாங்கிக்கொண்டு வந்தால் நீலப் பக்கம் சாயும். கண்ணாடி சூடாக இருந்தால் துடிக்கும் மூலக்கூறுகள் அதிகம், ஆகவே நீலப் பக்கத்து ஒளியும் அதிகம். இரண்டின் விகிதத்தை எடுத்தால் அந்த மீற்றரின் வெப்பநிலை கையில் வந்துவிடும். திரும்பிவரும் ஒளி மிகவும் மெல்லியது என்பதால் ஆயிரக்கணக்கான துடிப்புகளை விட்டுச் சராசரி எடுக்கிறார்கள். சில நிமிடம் பொறுத்தால் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு பாகையின் பத்திலொரு பங்கு வரைக்கும் பிரித்துச் சொல்லிவிடும். தொழிலில் இதை டி.ரி.எஸ் என்பார்கள்.

இனிக் கிணறு. நம்மூரில் மணல் இடிந்து விழாமலிருக்கக் கொட்டு இறக்குகிறோம். எண்ணெய்க் கிணற்றிலும் அதே வேலைக்கு உருக்குக் குழாய் இறக்குகிறார்கள், கேசிங் என்று பெயர். கேசிங்குக்கும் பாறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சீமெந்துப் பாலால் நிரப்பி இறுக்குகிறார்கள். எண்ணெய் ஏறி வருவது அதற்குள் தொங்கும் இன்னொரு மெல்லிய குழாயால். எண்ணெய் இருக்கும் ஆழத்தில் வெடிவைத்துக் கேசிங்கையும் சீமெந்தையும் துளைத்துப் பாறையைத் திறக்கிறார்கள். இந்தத் துளைகள் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான மீற்றருக்குப் பரவியிருக்கும், கிடையாகத் திரும்பிய கிணறென்றால் ஆயிரம் மீற்றரையும் தாண்டும். மேலே கிணற்றுத் தலையில் நிற்பவருக்குத் தெரிவது மொத்தக் கணக்கு: இன்றைக்கு இவ்வளவு எண்ணெய், இவ்வளவு வாயு, இவ்வளவு தண்ணீர். எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்பது தெரியாது.

இது நமக்குப் பழகிய சிக்கல்தான். நாவலடியிலிருந்து கல்முனை வரைக்கும் கடலோர மணற் கீற்றில் நாம் குடிக்கும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. வாளியால் அள்ளும் வரைக்கும் ஒன்றுமில்லை. பெரிய மோட்டாரைப் போட்டு இழுத்தால் கீழிருந்து உப்பு கூம்பு போல எழுந்து கிணற்றுக்குள் வந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை ஒரேயடியாக இறைத்துச் சுத்தம் செய்யப் போய், இன்னும் உப்பாக்கிக்கொண்டவர்களும் உண்டு. எண்ணெய்க் கிணற்றிலும் எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் இருக்கிறது, வேகமாக இழுத்தால் அதே கூம்பு எழுகிறது. வித்தியாசம், நாம் கிணற்றை விட்டுவிட்டு நாலடி தள்ளி இன்னொன்று தோண்டலாம். அவர்களால் அப்படி முடியாது. அடியிலுள்ள இருபது மீற்றரால்தான் தண்ணீர் வருகிறதென்று தெரிந்தால் அந்த இருபது மீற்றரை மட்டும் சீமெந்தால் அடைத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம். தெரியாவிட்டால் முழுக் கிணறும் நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டு போகும்.

முன்பு இதைக் கண்டுபிடிக்கச் சிறு சுழலி பொருத்திய கருவியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்குவார்கள். இன்றும் இறக்குகிறார்கள். நல்ல கருவிதான், ஆனால் அது காட்டுவது அன்றைய தினத்தை மட்டும். ஆழ்கடல் கிணறென்றால் அந்த ஒரு நாளுக்காக ஒரு கப்பலை வாடகைக்குக் கொண்டுவர வேண்டும். இழை அங்கேயே கிடக்கிறது. வருடக் கணக்காகக் கிடக்கிறது.

அது எப்படிப் படிக்கிறது என்பதில்தான் எனக்கு இந்த விடயம் முழுக்கப் பிடித்துப்போனது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் சுமார் 25 முதல் 30 பாகை செல்சியஸ் ஏறுகிறது. யாரும் தொடாமல் மூடி வைத்த கிணற்றில் வெப்பநிலைக் கோடு மேலிருந்து கீழே ஒழுங்காகச் சரிந்து போகும். அதுதான் பூமியின் சொந்தக் கையெழுத்து. கிணற்றைத் திறந்ததும் ஆழத்துச் சூட்டைச் சுமந்துகொண்டு திரவம் மேலே ஏறுகிறது, கோடு வளைகிறது. வாயு நுழையும் துளையில் திடீரென்று ஒரு குளிர்ப் பள்ளம் விழும். அமுக்கம் கூடிய பாறையிலிருந்து அமுக்கம் குறைந்த குழாய்க்குள் பாயும்போது வாயு விரிந்து குளிர்கிறது, ஜூல்-தொம்சன் விளைவு என்று பள்ளியில் படித்தது. சைக்கிள் ரியூபின் காற்றைத் திறந்துவிட்டால் வால்வின் வாய் குளிர்வது ஞாபகத்துக்கு வரும். இரண்டும் முழுக்க ஒரே பௌதிகமில்லை, விரல் நுனிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எண்ணெய் அதே துளையால் வந்தால் குளிராது, சற்றே சூடாகும். ஒரு பள்ளமும் ஒரு மேடும் பார்த்து, எது எதனால் வந்தது என்று சொல்ல இது போதும்.

இன்னும் நுட்பமானது தண்ணீர் செலுத்தும் கிணறுகளில். வயலில் அமுக்கம் குறையும்போது பக்கத்துக் கிணறுகளால் தண்ணீரை உள்ளே தள்ளி எண்ணெயை நகர்த்துவார்கள். எந்த அடுக்குக்குள் எவ்வளவு தண்ணீர் போனது? தள்ளிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் எல்லாம் ஒரே குளிர், ஒன்றும் விளங்காது. தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்காத அடுக்கு சில மணி நேரத்தில் பழைய சூட்டுக்கு ஏறிவிடும். நிறையக் குடித்த அடுக்கு நாட்கணக்கில் குளிர்ந்தே கிடக்கும். மழை விட்ட மறுநாள் மணலில் வெறுங்காலோடு நடந்தால் தண்ணீர் ஊறிய இடம் காலுக்குத் தெரியுமே, அப்படி. கிணற்றில் ஒன்றும் நடக்காத நேரத்தில்தான் இழை அதிகம் சொல்கிறது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

கேசிங்குக்கு வெளியே நடக்கும் கசிவும் இப்படித்தான் அகப்படும். சீமெந்தில் விரிசல் விழுந்து ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு வாயு ஏறிக்கொண்டிருந்தால் கிணற்றுத் தலையில் எதுவும் தெரியாமலே பல காலம் போகலாம். அந்த வாயு தன்னோடு கொஞ்சம் சூட்டையோ குளிரையோ கொண்டு போகும், பூமியின் கோட்டில் அந்த இடம் மட்டும் கோணலாகும்.

வெப்பம் மெதுவானது. அவசரமான செய்திக்கு இன்னொரு வழி இருக்கிறது. மட்டக்களப்பைப் பற்றி எதை எழுதினாலும் பாடும் மீனைக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று சலிப்பவர்கள் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் நிலவு இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற முனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். காற்றில் கேட்காத ஒலி மரத்தால் ஏறி வருகிறது. ஒளியிழையும் அதுபோல ஒரு துடுப்புத்தான், ஆனால் ஒரு முனையை மட்டுமல்ல, தன் உடம்பு முழுவதையும் தண்ணீரில் வைத்திருக்கிறது.

ஒலி இழையில் படும்போது அதை மிக மெல்லியதாக இழுத்துச் சுருக்குகிறது. கண்ணாடிக்குள் நின்றுபோன அந்த அடர்த்தி வேறுபாடுகளுக்கு இடையிலான தூரம் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் மாறினாலும் திரும்பிவரும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும் விதம் மாறிவிடும். அதைப் படித்தால் ஒவ்வோர் இடத்திலும் நடந்த அதிர்வு கிடைக்கிறது. பொதுவாகப் பத்து மீற்றரளவு துண்டுக்கு ஒரு காது வைத்தது போல. தொழிலில் இதை டாஸ் என்பார்கள். கிணற்றுக்குள் இதை ஷெல் நிறுவனம் 2009இல் கனடாவில் ஒரு வாயுக் கிணற்றில் சோதித்துப் பார்த்தது, பிறகு வேகமாகப் பரவிவிட்டது.

டாஸ் பிடிப்பது பலவகை. துளையால் வாயு சீறும் ஒலி. குழாயில் மணல் உரசும் ஒலி. வால்வு ஒன்று சரியாக மூடாமல் இரைவது. எனக்குப் பிடித்தது, ஒலியின் வேகத்தை வைத்துத் திரவத்தைச் சொல்வது. தண்ணீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் போகும், எண்ணெயில் அதைவிடக் குறைவு, வாயுக் குமிழி கலந்திருந்தால் இன்னும் நன்றாகக் குறையும். கிணற்றுக்குள் ஓர் ஒலி கீழே இறங்குவதை மீற்றர் மீற்றராகப் பின்தொடர்ந்தால் எந்த ஆழத்தில் அது வேகத்தை மாற்றியது என்று தெரியும். மேலே போகும் ஒலிக்கும் கீழே போகும் ஒலிக்கும் வேகம் வித்தியாசப்பட்டால் திரவம் எந்தப் பக்கம் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதும் வரும். ஆற்றில் நீரோட்டத்தோடு வலிப்பதற்கும் எதிர்த்து வலிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இதே டாஸ் கருவியைத் தண்டவாளத்தோரக் கேபிளில் கொளுவினால் யானை நடப்பது கேட்கும். இந்தியாவின் வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயில் அப்படியொரு ஏற்பாடு இருக்கிறது, ‘கஜராஜ்’ என்று பெயர். 2025 பெப்ரவரி 20இல் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடும் புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்த அன்று எனக்கு இந்த நினைப்புத்தான் வந்தது. எண்ணெய்க்காரரின் கருவி முதலில் இங்கே வருவதானால் அந்த வழியால் வரட்டும் என்பேன். கிணற்றுக்குத் திரும்புகிறேன்.

சிக்கல் எங்கே என்றால் தகவலின் கனம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3,000 மீற்றர் கிணறு, மீற்றருக்கு ஓர் அளவு, செக்கனுக்கு 10,000 தடவை, ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைட். செக்கனுக்கு 60 மெகாபைட், ஒரு நாளைக்கு 5 டெராபைட்டுக்கு மேல். ஒரு கிணற்றுக்கு. பாலைவனத்து முகாமிலிருந்து இதை அப்படியே அனுப்ப எந்த இணைப்பும் தாங்காது. கிணற்றடியிலேயே கணினியை வைத்து, தேவையானதை மட்டும் பிழிந்தெடுத்துவிட்டு மற்றதை அழிக்கிறார்கள். எது தேவை, எது தேவையில்லை என்று முதலிலேயே ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அழித்ததற்குள் என்ன இருந்தது என்று பிறகு யாரும் கேட்க முடியாது.

இழையை உள்ளே கொண்டுபோகும் வழிகளில் மச்சானுக்குத் தெரிந்தவை மூன்று. வேலை முடிந்ததும் எடுத்துவிடக்கூடியதாகக் கம்பியோடு இறக்குவது ஒன்று, அது லேசு. உற்பத்திக் குழாயின் வெளிப்பக்கத்தில் பட்டிவைத்துக் கட்டி, குழாயோடு சேர்த்து இறக்குவது இன்னொன்று. மூன்றாவதுதான் பெரிய வேலை: கேசிங்குக்கு வெளியே கட்டி இறக்கி, சீமெந்துக்குள்ளேயே புதைத்துவிடுவது. கண்ணாடி வெறுமனே போவதில்லை, சுண்டுவிரலைவிட மெல்லிய உருக்குக் குழாய்க்குள் ஜெல்லோடு கிடக்கும். சூட்டில் உருக்கு நீளும்போது கண்ணாடி இழுபட்டு அறாமலிருக்க இழையைக் கொஞ்சம் அதிக நீளமாகவே உள்ளே விடுவார்கள். நான் மேன்ஹோலில் சுருட்டி வைத்த அதே கணக்கு. 3,000 மீற்றர் என்று கருவி சொல்லும் இடம் கிணற்றின் 3,000ஆவது மீற்றராக இருக்காது. கோட்டைக்கல்லாற்றில் பிழைத்தால் ஒரு மணித்தியாலம் போகும். கிணற்றில் பிழைத்தால் எண்ணெய் வரும் துளையைச் சீமெந்தால் அடைத்துவிட்டுத் தண்ணீர் வரும் துளையைத் திறந்து வைத்திருப்பார்கள்.

சீமெந்துக்குள் புதைத்த இழைதான் பாறைக்கு மிக அருகில் இருக்கிறது, கசிவை முதலில் அறிவதும் அதுதான். ஆனால் அதில் ஒரு முரண் உண்டு. கேபிளைச் சுற்றிச் சீமெந்து சரியாகப் பிடிக்காவிட்டால் அந்தக் கேபிளின் ஓரமே வாயு ஏறும் வழியாகிவிடும், காவலுக்கு வைத்த ஆளே படலையைத் திறந்து விட்டது மாதிரி. துளையிடும்போது வெடி கேபிளில் படாமல் எந்தத் திசையில் சுட வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த விடயத்தில் கவனமில்லாத வேலைக்குப் பின்னால் இருண்டுபோன இழைகள் நிறைய என்று மச்சான் சொன்னான்.

இருண்டுபோவது என்பது வெறும் பேச்சுமில்லை. கிணற்றின் ஆழத்தில் இருக்கும் ஐதரசன் வாயு கண்ணாடிக்குள்ளேயே ஊடுருவி ஒளியை உறிஞ்சத் தொடங்குகிறது. சாதாரணத் தொலைத்தொடர்பு இழையை அப்படியே இறக்கினால் சூட்டில் சீக்கிரம் குருடாகிவிடும். அதனால் கலப்பில்லாத சிலிக்காவில் நடுத்தண்டு, மேலே காபன் பூச்சு, வெளியே பொலிஇமைட் பூச்சு என்று வேறு இழை செய்கிறார்கள். நாங்கள் வீதியில் போடும் இழையின் பூச்சு 85 பாகைக்கு மேல் தாங்காது. கனடாவிலும் ஓமானிலும் பாகு போன்ற எண்ணெயை இளக்க நீராவி செலுத்தும் வயல்கள் உண்டு. 200 பாகையைத் தாண்டும் அந்தச் சூட்டுக்கு மற்ற மின்னணுக் கருவிகள் சாகும்போது இந்தக் கண்ணாடி நிற்கிறது, உள்ளே மின்சாரமே இல்லாதபடியால்.

இவ்வளவையும் அம்பாறை, மட்டக்களப்பு வாசகருக்கு ஏன் சொல்ல வேண்டும்? 2020 செப்டெம்பர் 3இல் சங்கமன்கண்டிக்குக் கிழக்கே ஏறக்குறைய 38 கடல் மைல் தூரத்தில் ‘நியூ டயமண்ட்’ கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்குப் போன அந்தக் கப்பலில் 270,000 தொன் மசகெண்ணெய் இருந்தது. மாலுமி ஒருவர் இறந்தார். மசகெண்ணெய் கடலில் கொட்டவில்லை, கப்பலின் எரிபொருள் கசிந்தது. அது கப்பல், கிணறில்லை என்பது சரிதான். இருந்தும் எண்ணெய் என்றால் வளைகுடாவிலிருந்து வரும் காசு என்று மட்டும் நினைத்த கரையில் அந்தக் கிழமை வேறொரு நினைப்பும் வந்து உட்கார்ந்தது.

மன்னார்க் கடலில் 2011இல் கெயின் நிறுவனம் ஜப்பானின் ‘சிக்யூ’ என்ற துளையிடு கப்பலைக் கொண்டுவந்து டொராடோ, பராகூடா என்ற இரண்டு கிணறுகளில் வாயுவைக் கண்டது. இன்றுவரை அதில் ஒரு கன அடியும் கரைக்கு வரவில்லை. கிழக்கே ஜே.எஸ்-5, ஜே.எஸ்-6 என்று வரைபடத்தில் பிரித்த கடற்பரப்பை ஆராயப் பிரான்சின் டோட்டல் நிறுவனம் 2016இல் ஒப்பந்தம் செய்தது. அதிர்வலை ஆய்வுகளும் நடந்தன. கிணறு ஒன்றும் தோண்டப்படவில்லை. தோண்டப்படுமா என்று ஆரூடம் சொல்ல நான் ஆளில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: சீமெந்துக்குள் புதைக்கும் இழையைக் கிணறு முடிந்த பிறகு நினைத்துப் போட முடியாது. கேசிங் இறங்கும் நாளில் இறங்க வேண்டும், அதற்கான இடம் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். சுற்றாடல் அறிக்கையைப் பார்க்க வருபவர் ‘கண்காணிப்பு இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். ‘கேசிங்குக்கு உள்ளேயா, வெளியேயா? எந்த ஆழம் வரைக்கும்? படிப்பது யார், கிணற்றை மூடிவிட்டுப் போன பிறகு படிப்பது யார்?’ என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

இழை இருந்தால் விபத்து வராது என்று விற்பனைக்காரர் சொல்லக்கூடும். மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20இல் மகொண்டோ கிணறு வெடித்துப் பதினொரு பேர் இறந்ததும், 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியதும் சீமெந்து வாயுவைத் தடுக்கத் தவறியதால் தொடங்கியது. ஆனால் அன்று மேலே நின்றவர்களிடம் அளவீடே இல்லாமல் போகவில்லை. அமுக்கச் சோதனை செய்தார்கள், வரக்கூடாத அமுக்கம் வந்தது, அதற்கு ஒரு விளக்கத்தைச் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கசிவு எந்த ஆழத்தில் என்று ஓர் இழை சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

போன மாதம் மச்சான் ஒரு படம் அனுப்பினான். கிணற்றின் வெப்பநிலைப் படம்: மேலிருந்து கீழே ஆழம், இடமிருந்து வலம் நேரம், சூடு சிவப்பு, குளிர் நீலம். 2,140 மீற்றரில் மெல்லிய நீலக்கோடு ஒன்று முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரைக்கும் நேராக ஓடியது. இவ்வளவு நாள் கேட்டுப் படித்த பெருமையில், “காஸ் உள்ள வருகுது, அந்த இடத்தில குளிருது” என்று எழுதினேன்.

“நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம். கிணத்தைப் பூட்டிப்போட்டு ரெண்டு நாள் பாத்தம். காஸ் எண்டா கோடு மங்கிப் போகணும். போகல்ல.”

“பின்ன?”

“கேபிள் போட்ட நாள்ள ஒருத்தன் வெட்டி ஒட்டியிருக்கான், ஒரு கடதாசியிலயும் எழுதல்ல. அது ஜொயின்ற் மச்சான்.”